எஸ்பிரெசோப் பொறியும் அதன் வகைகளும்

நெருப்பும் நீரும் தம்முட் பகையுடையன என்பது உலக வழக்கு. ஆயினும், அவ்விரண்டையும் ஒரு கலத்துள் அடக்கி வேலை வாங்கும் வித்தையைக் கற்ற நாள் தொட்டு மனிதனின் தொழில்வாழ்வு புதுவழியிற் செல்லத் தொடங்கிற்று. நீராவியைக் கொண்டு அவன் புகைவண்டியை ஓட்டினான், ஆலைகளை இயக்கினான், நெல்லை அவித்தான். அந்த வித்தையின் வழிவந்த சிறு கருவிகளுள் ஒன்றே கோப்பிக் கடைகளிற் காணப்படும் எஸ்பிரெசோப் பொறியாகும்.

பளபளக்கும் உருக்குத் தகடும், அமுக்கத்தைக் காட்டும் முட்களும், சீறியெழும் நீராவிக் குழாயும் உடைய இப்பொறியைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டோர் பலர். பாரிஸ், லண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் வன்னி மக்களின் பிள்ளைகளுக்கு இது நாள்தோறும் காணும் பொருள். பொறியின் தாயகமாகிய இத்தாலியிலே, பலெர்மோ நகரில் ஈழத்தமிழர் ஒரு சமூகமாகவே வாழ்கின்றனர். ஆதலின், வெளிநாட்டிலிருந்து மீள்பவருக்கும், அங்குள்ள உறவினரின் உதவியைப் பெறுபவருக்கும், ஊரிலே ஒரு கோப்பிக் கடை வைத்தாலென்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவீதியிலே, முரசுமோட்டை போன்றதோர் ஊரில் ஒருவர் அவ்வாறு எண்ணுகிறார் என்று கொள்வோம். அவர் முதலிற் கேட்கும் கேள்வி, எந்தப் பொறி நல்லது என்பதாகவே இருக்கும்.

அக்கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தப் பொறி எந்த இடத்துக்கு ஏற்றது என்று கேட்டால் மட்டுமே விடை கிடைக்கும். அவ்விடையைப் பெற, பொறியின் உள்ளே நடப்பது யாது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

வடபகுதி இல்லங்களிலே கோப்பி ஆக்கும் முறை யாவரும் அறிந்ததே. வறுத்த கோப்பிக் கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து, அத்தூளைக் கொதிநீரில் இட்டு, மண்டி அடியில் தங்கிய பின் தெளிவை வார்த்துக் குடிப்பர். தமிழ்நாட்டிலே இரண்டு அடுக்குள்ள வடிகலத்தின் மேலடுக்கில் தூளையிட்டு வெந்நீர் ஊற்றி, துளித்துளியாக இறங்கும் சாற்றைப் பாலோடு கலப்பர். முதல் முறையில் நீர் தூளோடு ஊறிக் கிடக்கின்றது. இரண்டாம் முறையில் நீர் தன் எடையினாலேயே தூளினூடாக இறங்குகின்றது. இரண்டிற்கும் பொறுமை வேண்டும்.

எஸ்பிரெசோ முறையோ வேறு. மாப்போல அரைத்த கோப்பித்தூளை, கைபிடியுள்ள சிறு வடிகிண்ணத்தில் இட்டு இறுக அமுக்கி, அந்த இறுகிய தூளினூடாகச் சுடுநீரைப் பெருவலியோடு செலுத்துவதே இம்முறை. இத்தாலியர் வகுத்துள்ள நியமத்தின்படி, ஏழு கிராம் தூளினூடாக, ஒன்பது பார் அமுக்கத்தில், ஏறக்குறைய 88 பாகை செல்சியஸ் வெப்பமுடைய நீர் செல்ல, 25 செக்கனில் 25 மில்லிலீற்றர் சாறு இறங்குதல் வேண்டும். பிற நாட்டுக் கடைகளிலே தூளின் அளவும் நீரின் வெப்பமும் சற்றுக் கூடுதலாகவே கொள்ளப்படுகின்றன. ஒன்பது பார் என்னும் அளவு மட்டும் பெரிதும் மாறுவதில்லை. அந்த அமுக்கத்தினாலேயே கோப்பியின் எண்ணெய் நீரோடு கலந்து, சாற்றின் மேலே பொன்னிற நுரை படிகின்றது.

ஒன்பது பார் என்றால் எவ்வளவு? இரணைமடுக் குளத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. குளம் நிறைந்து 36 அடி நீர் நிற்கும்போது, அதன் ஆழத்திலே துருசுக் கதவின் மீது அழுத்தும் நீரின் வலிமை ஏறக்குறைய ஒரு பார். முரசுமோட்டை வயல்களுக்கு நீரனுப்பும் பெருங்குளத்தின் முழு வலியும் அவ்வளவே. ஒன்பது பார் வேண்டுமெனின், அந்தக் குளம் 300 அடி ஆழமுடையதாக இருத்தல் வேண்டும். அத்தகைய வலியை ஒரு மேசைமேல் நிற்கும் பொறிக்குள், ஒரு தேநீர்க் கோப்பைக்கும் குறைந்த நீரின் மீது எவ்வாறு உண்டாக்குவது என்பதே இப்பொறியை ஆக்கியோர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல். பலவகைப் பொறிகள் தோன்றியதும் அச்சிக்கலுக்குப் பலர் பலவாறு விடை கண்டதனாலேயாம்.

முதலில் அவர்கள் நாடியது நீராவியை. இத்தாலியின் தூரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியொண்டோ என்பவர் 1884 ஆம் ஆண்டிலே, நீராவியின் உதவியால் கோப்பி வடிக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்று, அவ்வாண்டு அந்நகரிலே நடைபெற்ற பொருட்காட்சியிலும் அதனை வைத்தார். அது ஒரே தடவையிற் பலருக்கு வேண்டிய கோப்பியை வடித்தது. பின்னர் 1901 ஆம் ஆண்டிலே மிலான் நகரத்து லூயிஜி பெத்செரா, ஒவ்வொருவருக்கும் அவ்வப்போது புதிதாக வடித்துக் கொடுக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். கைபிடியுள்ள வடிகிண்ணம் அவருடைய பொறியிலேயே இடம்பெற்றது. அவரிடமிருந்து அவ்வுரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905 ஆம் ஆண்டில் அப்பொறிகளைத் தொழிற்சாலையில் ஆக்கத் தொடங்கினார்.

இவை பார்வைக்கு அழகியனவாயினும் சுவையிற் குறையுடையன. அக்குறையின் காரணத்தை வீட்டிலுள்ள பிரஷர் குக்கரைக் கொண்டு அறியலாம். திறந்த பானையில் நீர் நூறு பாகையிற் கொதிக்கின்றது. மூடிய குக்கருள்ளே நீராவி அடைபட்டு அமுக்கம் ஒரு பார் அளவு உயர்ந்ததும், நீரின் வெப்பம் 120 பாகையாகிவிடுகின்றது. நீராவியின் அமுக்கமும் வெப்பமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஏறுவன. ஒன்றை விடுத்து மற்றையதை உயர்த்த இயலாது. ஒன்றரைப் பார் அமுக்கத்துக்கு நீர் 127 பாகை சூடாகும். அச்சூட்டிலே கோப்பி தீய்ந்து கசப்பேறுகின்றது. நீராவியைக் கொண்டே ஒன்பது பார் பெற முயல்வோமாயின், நீர் 180 பாகை வரை சூடாதல் வேண்டும். அச்சூட்டில் வடிப்பது குடிக்கத்தக்கதாக இராது. அதனைத் தாங்கும் கலமும் கடையில் வைக்கத்தக்கதாக இராது.

எனவே, நல்ல கோப்பிக்கு வழி ஒன்றே: வெப்பத்தை ஒரு கருவியும் அமுக்கத்தை வேறொரு கருவியும் தருதல் வேண்டும். இந்த உண்மையை மனத்திற்கொண்டால், பின்வந்த பொறிவகைகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

மிலான் நகரத்தவரான அக்கிலே காஜியா என்பவர் 1938 ஆம் ஆண்டிலே நீராவியைத் துணைகொள்ளாது அமுக்கம் தரும் முறைக்கு உரிமை கோரினார். போர் முடிந்த பின்னர், 1948 அளவில், அவருடைய நெம்புகோற் பொறி விற்பனைக்கு வந்தது. அதன் வடிமுனையில் ஓர் உந்துதண்டும் வலிய விற்சுருளும் உள்ளன. கடைக்காரர் நெம்புகோலைக் கீழே இழுக்கும்போது விற்சுருள் சுருங்குகின்றது. சுடுநீர் தூளின் மேலே வந்து நிறைகின்றது. கோலை விட்டதும் விற்சுருள் விரிந்து, உந்துதண்டைக் கீழே தள்ளி, நீரைத் தூளினூடாகச் செலுத்துகின்றது. கொதிகலனின் வேலை வெப்பம் தருதல். விற்சுருளின் வேலை அமுக்கம் தருதல். பொன்னிற நுரை முதன்முதலிற் கோப்பையில் மிதந்தது இப்பொறியினாலேயே.

நெம்புகோற் பொறி இன்றும் வழக்கிலுள்ளது. அதில் நுட்பமான மின்னுறுப்புகள் குறைவு. ஆதலின் பழுதும் குறைவு. வாயு அடுப்பினாற் சூடாக்கத்தக்க வகைகளும் உண்டு. அவை மின்சாரமின்றியும் இயங்கும். ஆயினும் அதனை இயக்குவோருக்குத் தோள்வலியும் பழக்கமும் வேண்டும். வடிகிண்ணத்தில் தூளில்லாதபோது இழுத்த கோலைக் கைநழுவ விட்டால், அது விற்சுருளின் முழு வேகத்தோடும் மேலெழுந்து முகத்தைத் தாக்கவும் கூடும். இதனைப் புதியவர் முதலிலேயே அறிந்திருத்தல் நலம்.

அடுத்த மாற்றம் 1961 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. எர்னெஸ்தோ வலெந்தே என்பவரின் பயேமா நிறுவனம் வெளியிட்ட பொறியிலே, கைவலிக்கும் விற்சுருளுக்கும் பதிலாக மின்சாரப் பம்பு ஒன்று நீரைத் தள்ளியது. அவ்வாண்டு ஐரோப்பாவிற் காணப்பட்ட சூரிய கிரகணத்தின் நினைவாக அதற்கு ஈ-61 எனப் பெயரிட்டனர். அதன் வடிமுனை கனத்த பித்தளையால் ஆனது. சுடுநீர் இலேசானதாகையால் மேலெழுந்து அதனுட் புகும்; வெப்பத்தை இழந்த நீர் கனமுற்றுக் கீழிறங்கும். இவ்வாறு நீர் தானாகவே சுற்றிவந்து வடிமுனையை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கின்றது. இக்காலத்துக் கடைகளிலுள்ள பொறிகளுட் பெரும்பாலானவை இந்தப் பம்பு வழியிற் பிறந்தனவே.

பம்பிலும் இருவகை உண்டு. மின்காந்தத்தால் ஒரு சிறு தண்டு அதிர்ந்து நீரைத் தள்ளுவது ஒருவகை. இது மலிவானது, இரைச்சலுடையது, வீட்டுப் பொறிகளில் மிகுதியாகக் காணப்படுவது. மோட்டாரினாற் சுழன்று நீரைத் தள்ளுவது மற்றையது. நாள்முழுதும் ஓயாது உழைக்கும் கடைப்பொறிக்கு இச்சுழற்பம்பே ஏற்றது; இது குழாய்நீரோடு நேரே இணைக்கவும் உதவும்.

அமுக்கத்தின் கதை இவ்வாறாக, வெப்பத்தின் கதை வேறு. கோப்பி வடிக்கும் நீர் 90 பாகை அளவில் நிற்றல் வேண்டும். ஆனால் பாலை நுரைக்கச் செய்யும் நீராவிக்குக் கொதிகலன் 120 பாகையைத் தாண்டுதல் வேண்டும். ஒரே பொறியில் இவ்விரு வெப்பத்தையும் பெறுவது எப்படி? இதற்கு மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது, ஒற்றைக் கொதிகலன். ஒரே கலன் சிறிது நேரம் கோப்பிக்கும், பின்னர் மேலும் சூடேறிப் பாலுக்குமாக மாறிமாறி உழைக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருக்க வேண்டுமாதலின், இது வீட்டுக்கு உரியதேயன்றிக் கடைக்கு உரியதன்று.

இரண்டாவது, வெப்பமாற்றி முறை. பெரியதொரு கொதிகலன் எந்நேரமும் நீராவி நிலையிலே இருக்கும். அதன் நடுவே ஒரு தனிக்குழாய் ஊடுருவிச் செல்லும். புதுநீர் அக்குழாய் வழியே செல்லும்போது, சுற்றியுள்ள கொதிநீரினாற் சூடேறி வடிமுனையை அடைகின்றது. கொதிக்கும் பானைக்குள் ஒரு செம்பு நீரை வைத்துச் சூடாக்குவதை ஒத்தது இது. ஒரே கலனால் இருவேலையும் ஒரே வேளையில் நடைபெறுவதால் செலவு மிதமானது. பால் கலந்த கோப்பி மிகுதியாக விற்கும் கடைக்கு இதுவே நெடுங்காலமாகத் துணை செய்து வருகின்றது. ஒரு குறை யாதெனில், நெடுநேரம் ஆளின்றிப் பொறி சும்மா நின்றால் குழாயிலுள்ள நீர் மிகையாகச் சூடாகிவிடும். அப்போது சிறிது நீரை வெளியே விட்டபின்னரே கோப்பி வடித்தல் வேண்டும். அறியாதவர் அந்நீரிலேயே வடித்து, கொட்டை சரியில்லை என்று குறைகூறுவர்.

மூன்றாவது, இரட்டைக் கொதிகலன். ஒன்று கோப்பிக்கு, மற்றொன்று நீராவிக்கு. புளோரன்ஸ் நகரத்தில் 1927 ஆம் ஆண்டு தோன்றிய லா மர்சொக்கோ நிறுவனம் 1970 ஆம் ஆண்டிலே இம்முறையிலமைந்த பொறியை வெளியிட்டது. இதன் வெப்பம் அசையாது நிற்கும். காலையில் வடித்ததும் மாலையில் வடித்ததும் ஒரே சுவையாக இருக்கும். விலையும் மின்செலவும் அதற்கேற்ப உயர்வு. பாலின்றிக் கோப்பியை மட்டும் சுவைத்து மதிப்பிடுவோர் மிகுந்த இடத்தில் இச்செலவு பயன்தரும். பாலும் சீனியும் மிகுதியாகச் சேர்த்துப் பருகும் இடத்தில், அந்த நுண்ணிய வேறுபாட்டை வாடிக்கையாளர் உணர்தல் அரிது.

இனி, பொறியை இயக்கும் முறைபற்றிய பிரிவு ஒன்றுண்டு. விற்பனையாளர் கூறும் பெயர்களுள் மயக்கம் தருவன இவையே. அரைத்தானியங்கி என்பது, கடைக்காரரே பொத்தானை அழுத்தித் தொடங்கி, வேண்டிய அளவு இறங்கியதும் தாமே நிறுத்தும் பொறி. தானியங்கி என்பது, வீட்டு நீர்மானியைப் போன்றதொரு சிறு சக்கரம் சென்ற நீரை அளந்து, குறித்த அளவானதும் தானே நிறுத்தும் பொறி. இரண்டிலும் தூளை அளந்திடுவதும் அமுக்குவதும் மனிதர் வேலையே. முழுத்தானியங்கி என்பது, மேலே கொட்டையை இட்டால், அரைத்து, அமுக்கி, வடித்து, மண்டியையும் தானே ஒதுக்கிவிடும் பொறி. விமான நிலையங்களிலும் பெருவிடுதிகளிலும் இதனைக் காணலாம். பழகாத கையும் இதனை இயக்கும். ஆனால் உள்ளுறுப்புகள் பலவாதலின், ஒன்று பழுதானால் எல்லாம் நிற்கும். பழுதுபார்ப்பவர் தொலைவிலிருந்து வரும்வரை கடையும் நிற்கும்.

இவ்விடத்திலே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தமிழ்நாட்டுத் திருமண வீடுகளிலே, செம்புக் கலனிலிருந்து வரும் நீராவியைப் பாலிலே பாய்ச்சி, உடனடிக் கோப்பித்தூளைக் கலந்து நுரைபொங்கத் தரும் பானத்தையும் எஸ்பிரெசோ என்றே மக்கள் அழைக்கின்றனர். சுவையான பானந்தான், ஆயினும் அங்கே கோப்பி அமுக்கத்தால் வடிக்கப்படுவதில்லை. எஸ்பிரெசோப் பொறியின் நீராவிப் பகுதி மட்டுமே அங்குண்டு. மலிவாகக் கிடைக்கும் அத்தகைய கலனை எஸ்பிரெசோப் பொறி என்று எண்ணி வாங்குபவர் பின்னர் ஏமாற்றம் அடைய நேரும்.

வகைகளை அறிந்தாயிற்று. இனித் தேர்வைப் பார்ப்போம்.

முதலில் எண்ண வேண்டியது கூட்டம். ஒரு வடிமுனையில் ஒரே தடவையில் இரண்டு கோப்பை வடிக்கலாம். வடிக்கும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவாயினும், அரைத்தல், அமுக்குதல், பால் நுரைத்தல், துடைத்தல் யாவும் சேர இரண்டு நிமிடம் செல்லும் எனக் கொண்டால், மணிக்கு அறுபது கோப்பை என்பது ஒற்றைமுனைப் பொறியில் ஒருவர் ஆற்றத்தக்க வேலையின் எல்லை. சாதாரண நாளிலே கிராமத்து வீதியோரக் கடைக்கு இதுவே மிகை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு மக்கள் திரண்டு செல்லும் நாளிலே இது போதாது. ஆயினும், ஆண்டில் ஒருசில நாட்கள் வரும் கூட்டத்துக்காக மூன்றுமுனைப் பொறியை வாங்குதல், ஒரு திருவிழாவுக்காகப் பேருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்திலின் உள்ளே வெண்ணிறப் படிவு ஒட்டியிருப்பதை இல்லத்தரசியர் அறிவர். வன்னியிலும் கடினநீர்க் கிணறுகள் உள்ளன. கேத்திலைச் சுரண்டிக் கழுவிவிடலாம்; பொறியின் உள்ளே மயிரிழை போன்ற குழாய்களில் அப்படிவு சேர்ந்தால் கழுவுதல் எளிதன்று. சூடாக்கும் கம்பி படிவினால் மூடுண்டு எரிந்துபோகும். வால்வுகள் மூட மறுக்கும். கடைப்பொறிகள் கெடுவதற்கு மிகப் பொதுவான காரணங்களுள் இது ஒன்று. ஆதலின், கிணற்றுநீரின் கடினத்தன்மையைச் சோதித்தறிந்து, நீரை மென்மையாக்கும் வடிகட்டி ஒன்றைப் பொறியோடு சேர்த்தே வாங்குதல் வேண்டும். அதன் விலை பொறியின் விலையில் ஒரு பகுதி என்றே கணக்கிடல் தகும். வன்னியின் பல ஊர்களிலே கிடைக்கும், உப்புகள் பெரும்பாலும் அகற்றப்பட்ட சுத்திகரித்த நீரை மட்டும் இடுவதும் நன்றன்று. கொதிகலனில் நீர்மட்டத்தை உணரும் முனை, நீரிலுள்ள உப்புகளின் வழியே மின் பாய்வதைக் கொண்டே வேலை செய்கின்றது. உப்பற்ற நீரில் அது ஏமாறும். சுவையும் சப்பென்றிருக்கும்.

மூன்றாவது, மின்சாரம். இருமுனைப் பொறி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோவாற்று வரை மின்சாரம் கொள்ளும். இலங்கையின் 230 வோல்ற்று மின்னிணைப்பு 15 அம்பியர் அளவினதாயின், அதிலிருந்து பெறத்தக்கது ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாற்று மட்டுமே. 30 அம்பியராயின் ஏழு கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. குளிர்ப்பெட்டியும் விளக்குகளும் அரைக்கும் பொறியும் அதே இணைப்பிலேதான் இயங்கவேண்டும். பொறியை இறக்கிய பின்னர் மின்னிணைப்பைப் பற்றி எண்ணுவது, வீடு கட்டிய பின்னர் அத்திவாரத்தைப் பற்றி எண்ணுவது போலாம். அன்றியும், 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை மக்கள் மறந்திரார். அக்காலத்தில் சமையல் வாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். எந்தப் பொறியை வைத்திருப்பவராயினும், ஒரு விறகடுப்பையும் கேத்திலையும் கைவிடாதிருத்தல் அறிவுடைமை.

நான்காவது, அரைக்கும் கருவி. பலர் பொறிக்கே பணம் முழுவதையும் செலவிட்டு, அரைக்கும் கருவியை மலிவாக வாங்குவர். இஃது பெரும்பிழை. தூள் பருமனாயின், நீர் தடையின்றி ஓடிச் சாறு வெளிறிப் புளிக்கும். மிக நுண்ணிதாயின், நீர் செல்லாது அடைபட்டுக் கசக்கும். எல்லாத் துகளும் ஒரே அளவாக இருந்தாற்றான் 25 செக்கன் என்னும் கணக்கு நிலைக்கும். உரலில் இடித்த தூளில் பெருந்துகளும் நுண்துகளும் கலந்திருக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்திருக்கும். வீட்டுக் கோப்பிக்கு அது மிகவும் உகந்தது. பொறியின் வடிகிண்ணத்துக்கோ அது பொருந்தாது. நல்ல அரைப்பானும் நடுத்தரப் பொறியும் சேர்ந்து தரும் கோப்பியை, உயர்தரப் பொறியும் மோசமான அரைப்பானும் தர இயலாது.

ஐந்தாவது, பேணுதலும் பாதுகாப்பும். கொதிகலன் என்பது அமுக்கத்தை அடக்கி வைத்துள்ள கலன். நெல் அவிக்கும் ஆலைகளிலே நீராவிக் கொதிகலனைக் கண்டோர், அதனை மதியாது நடப்பதன் ஆபத்தை அறிவர். எஸ்பிரெசோப் பொறி அளவிற் சிறிதாயினும் அதன் இயல்பு ஒன்றே. அமுக்கம் மிகுந்தால் தானே திறந்து நீராவியை வெளிவிடும் காப்புவால்வு பொறிக்குப் பாதுகாவலன். பழைய பொறியை வாங்குபவர், மினுக்கிய வெளித்தகட்டைப் பாராது, காப்புவால்வும் அமுக்கமானியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதைத் தகுந்த தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். கோப்பி வடியும் வேளையில் கைபிடியைக் கழற்றலாகாது; அமுக்கத்தோடு சுடுநீரும் தூளும் முகத்திற் சிதறும். பசுப்பாலாயினும் பால்மாவாயினும், நுரைத்த உடனே நீராவிக் குழாயைத் துடைத்துச் சிறிது நீராவியை வெளிவிடுதல் வேண்டும்; தவறினால் குழாய் ஆறும்போது பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது அங்கேயே பழுதாகும். நாள்முடிவில் வடிமுனையைக் கழுவுதலும் கடமை. தேயக்கூடிய இரப்பர் வளையம் போன்ற உறுப்புகள் நாட்டிற் கிடைக்கின்றனவா என்பதையும் வாங்குமுன் வினவுதல் வேண்டும். பாரிஸில் மலிவாகக் கிடைத்ததென்று கப்பலில் அனுப்பப்படும் பொறி, ஒரு வளையம் தேய்ந்ததற்காக மாதக்கணக்கிற் கிடக்க நேரலாம்.

இறுதியாகக் கருதவேண்டியது பணம். போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்த பின்னர், வன்னிக் குடும்பங்கள் பல வாழ்வை மீளக் கட்டக் கடனை நாடின; நுண்கடன் தவணைகள் அவர்களுட் பலரை, சிறப்பாகப் பெண்களை, எவ்வளவு நெருக்கின என்பது நாடறிந்த செய்தி. வருவாயைக் கணியாமற் பெற்ற கடன், வருவாயைத் தேடித்தராது. எடுத்துக்காட்டாக, பொறிக்கான கடனுக்கு மாதத்தவணை 40,000 ரூபா எனக் கொள்வோம். கொட்டை, பால், சீனி, மின்சாரம் யாவும் போக ஒரு கோப்பையில் 80 ரூபா மிஞ்சும் எனக் கொள்வோம். அப்படியாயின் மாதத்துக்கு 500 கோப்பை, அஃதாவது நாளொன்றுக்குப் பதினேழு கோப்பை விற்றாலே தவணை தீரும். கடைவாடகையும் கூலியும் அதன் மேலே. இரட்டை விலையுள்ள பொறியாயின் முப்பத்துநான்கு கோப்பை. பொறியின் முன்னே நிற்குமுன், கடை அமையவிருக்கும் சந்தியிலே ஒருவாரம் நின்று, நாள்தோறும் எத்தனை பேர் தேநீர் குடிக்கின்றனர், அவருள் எத்தனை பேர் கோப்பிக்கு அதிக விலை கொடுக்க முன்வருவர் என எண்ணிப் பார்த்தால், விடை தானே கிடைக்கும். யாவரும் பிளேன்ரீயே கேட்பாராயின், ஒரு நல்ல தேநீர்க் கொதிகலனே போதும். அதனால் யாருக்கும் இழிவில்லை.

கோப்பி இலங்கைக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைநாடு கோப்பிக்காடாகவே இருந்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி வரண்ட காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தே சென்றனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869 ஆம் ஆண்டு தோன்றிய இலைத்துரு நோய் அப்பயிரை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. பெருந்தோட்டங்கள் மறைந்தபோதும், வீட்டுத்தோட்டக் கோப்பி மலைநாட்டில் மறையவில்லை. எஸ்பிரெசோவுக்கு ஏற்ற கொட்டையை இன்று நாட்டுக்குள்ளேயே தேடிப் பெறலாம். புதுப் பொறியை வாங்குபவர், பழம்பயிரை விளைவிக்கும் சிறு விவசாயியையும் நினைத்தல் நன்று.

கருத்தைத் தொகுத்துக் கூறின், கூட்டம் மிகாத, பால்கோப்பி விரும்பும் ஊருக்கு, வெப்பமாற்றியுள்ள ஒற்றைமுனை அல்லது இருமுனை அரைத்தானியங்கிப் பொறியும், நல்லதோர் அரைப்பானும், நீரை மென்மையாக்கும் வடிகட்டியும் போதும். வலிய கையும் பொறுமையும் உள்ளவருக்கு நெம்புகோற் பொறியும் ஏற்றதே. இரட்டைக் கொதிகலனையும் முழுத்தானியங்கியையும், வாடிக்கையும் வருவாயும் நிலைபெற்ற பின்னர் எண்ணிக்கொள்ளலாம். குளத்தில் எவ்வளவு நீர் உண்டு என்று பார்த்தே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டங்கூடி முடிவுசெய்யும் வழக்கமுடையவர் இப்பகுதி விவசாயிகள். அந்த நிதானத்தோடு பொறியையும் தேர்ந்து கொள்வாராயின், கடை நிலைக்கும், கோப்பியும் சுவைக்கும்.